வார்ப்பிரும்பு தந்த ஹீத் துரை

நகரத் தெருக்களில் நாடோறும் நடக்கின்ற நாம் நம் காலடியிற் கிடக்கும் பொருள்களைக் கருத்தோடு நோக்குவது அரிது. தெருவின் நடுவே பதிந்து கிடக்கும் பழைய இரும்பு மூடிகள் அத்தகைய பொருள்களாம். கழிவுநீர் செல்லும் பாதாளச் சாக்கடைக்கும், குடிநீர் செல்லும் பெருங்குழாய்க்கும் ஆள் இறங்குதற்குரிய குழிகளை அவை மூடிக் காக்கின்றன. வண்டிச் சக்கரங்கள் அவற்றின்மீது உருள்கின்றன. மழையும் வெயிலும் மாறி மாறித் தாக்குகின்றன. ஆயினும் அவை தலைமுறை கடந்து உழைக்கின்றன.

அம்மூடியை ஒருமுறை குனிந்து பார்ப்போமாயின் அதன் அமைப்பிலே அறிவு விளங்குதலைக் காணலாம். சதுர மூடியைச் சாய்த்துத் திருப்பினால் அது தன் மூலைவாட்டில் குழிக்குள் விழுந்துவிடும். வட்ட மூடியோ எப்படித் திருப்பினும் விழாது. அதன் மேற்புறத்தே எழுந்து நிற்கும் கட்டங்களும் வரிகளும் வெறும் அழகுக்காக அமைந்தன அல்ல. குதிரையின் குளம்பும் வண்டியின் சக்கரமும் வழுக்காதிருக்கும்பொருட்டு அமைந்தவை. நடுவே செய்தவர் பெயரும், சிலவற்றில் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். இவையனைத்தும் சம்மட்டியால் அடித்து ஆக்கப்பட்டன அல்ல. இரும்பை நீர்போல் உருக்கி, மணலிற் செய்த அச்சில் ஊற்றி, ஆறவிட்டு எடுத்தவை. ஆதலின் தெருமூடியின் வரலாறு வார்ப்பிரும்பின் வரலாற்றோடு பிணைந்தது.

வார்ப்பிரும்பைச் சீனர் 2000 ஆண்டுகளுக்கு முன்னரே அறிந்திருந்தனர். ஐரோப்பியர் பல நூற்றாண்டு கழித்தே அதனைப் பெற்றனர். 1709-இல் ஆபிரகாம் டார்பி என்பார் மரக்கரிக்கு மாற்றாகக் கற்கரியிலிருந்து ஆக்கிய கோக்கைக் கொண்டு இரும்புருக்கும் முறையை இங்கிலாந்தில் வெற்றியுடன் தொடங்கியபின், வார்ப்பிரும்பு மலிந்து, பாலமாகவும் தூணாகவும் குழாயாகவும் மூடியாகவும் உலகெங்கும் பரவிற்று. நம் தமிழ்நாட்டில் ஐரோப்பிய முறைப்படி பெரிய ஊதுலை நிறுவி, இரும்பை ஊற்றாய் ஓடச்செய்த முயற்சிக்கு முதல்வராய் நின்றவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர். இரும்புத் தொழிலின் வரலாறு கற்றோர் யாவரும் அறிந்த இவர் பெயரை, அவர் உழைத்த இக்கொங்கு நாட்டிலுள்ள நாம் மறந்திருப்பது வியப்பே. இரும்புக்கு முன் பருத்தியிலே கைவைத்தவர் அவர் என்பதும், அப்பருத்தி நம் கோயம்புத்தூர்ச் சீமையின் பருத்தி என்பதும் திருப்பூர்ப் பக்கத்தாராகிய நாம் அறியத்தக்கன. ஆகவே அவர் வாழ்க்கையை ஈண்டு சுருங்க உரைப்போம்.

நம் நாட்டின் பழைய இரும்பு

ஹீத் துரை நம் நாட்டுக்கு இரும்பைப் புதிதாகக் கொண்டுவந்தார் என்று எண்ணுதல் பிழை. நொய்யலாற்றின் வடகரையில் உள்ள கொடுமணலிலே தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் நடத்திய அகழாய்வுகளில் இரும்புருக்கிய உலைகளின் எச்சங்களும், எஃகு செய்தமைக்குரிய சான்றுகளும் வெளிப்பட்டுள்ளன. நூல் நூற்கும் தக்களி வட்டுகளும் அவ்வூரிற் கிடைத்தன. நூலும் இரும்பும் ஒரே ஆற்றங்கரையில் 2000 ஆண்டுகளுக்கு முன்னரே தொழிலாய் விளங்கின என்பது இதனாற் பெறப்படும். சேலத்துக் கஞ்சமலையின் காந்தக்கல் இரும்புத்தாதும் பண்டுதொட்டு நம் கொல்லர்க்கு உணவளித்து வந்தது.

ஆயினும் அவ்வுலைகளிலிருந்து இரும்பு ஒழுகி வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. தூய இரும்பு உருகுதற்கு 1500 பாகைக்கும் மேற்பட்ட சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதும் சிறு மண்ணுலை அவ்வெப்பத்தை எட்டாது. ஆகவே தாதிலுள்ள இரும்பு உருகாமலே பிரிந்து, கசடோடு கலந்த பஞ்சுபோன்ற திரளாய் அடியிலே தங்கும்; அதனை எடுத்து அடித்தடித்துத் தேனிரும்பாக்குவர். உலையை உயரமாக்கி, காற்றை இடைவிடாது வலிந்து செலுத்தினால் வேறொன்று நிகழும். இரும்பு கரியிலுள்ள கார்பனை நூற்றுக்கு 3 அல்லது 4 பங்கு உட்கொள்ளும். உட்கொண்டவுடன் அதன் உருகுநிலை 1150 பாகையளவுக்குத் தாழும். தாழவே அது நீராய் ஓடும். அதுவே வார்ப்பிரும்பு. அச்சில் ஊற்ற எளிது, அழுத்தத்தைத் தாங்கும், துருவும் எளிதில் உண்ணாது. ஆனால் சம்மட்டிக்கு வளையாது. ஓங்கி அடித்தால் உடையும். தெருமூடிக்கு இவ்வியல்பு ஏற்றது; வாளுக்கும் வில்லுக்கும் ஏலாதது.

பருத்தியிலிருந்து இரும்புக்கு

ஹீத் துரை கிழக்கிந்தியக் கம்பெனியாரின் சென்னைச் சேவகத்தில் அமர்ந்து, சேலம் கோயம்புத்தூர்ப் பகுதிகளில் வாணிக அதிகாரியாய்ப் பணிபுரிந்தார். அக்காலத்தில் கம்பெனியாரின் வாணிக அதிகாரி, நெசவாளர்க்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்குதலையும், ஏற்றுமதிக்குரிய பொருள்களைத் திரட்டுதலையும் தம் கடமையாகக் கொண்டிருந்தார். ஹீத் துரை அவ்வளவில் நின்றிலர். பூர்போன் தீவிலிருந்து வந்த நீண்ட இழைப் பருத்தியை இச்சீமையிற் பயிரிடச் செய்தலில் முனைந்தார். நாட்டுப் பருத்தியினும் மெல்லிய நூலுக்கு அது ஏற்றதாயிருந்தது. இன்று பனியன் தொழிலால் உலகறிந்த இப்பகுதியின் பருத்தி வரலாற்றில் அம்முயற்சி ஒரு தொடக்கப் படியாம்.

ஊரூராய்ச் சுற்றிய அவர், சேலத்துக் கிராமங்களில் இரும்புருக்குவோரையும், மூசையில் எஃகு செய்வோரையும் கண்டார். தாது மலைமலையாய்க் கிடக்கிறது. செய்வோர் கைத்திறம் சிறந்தது. ஆயின் உலை சிறிது, விளைவும் சிறிது. இந்தத் தாதை ஐரோப்பிய ஊதுலையில் இட்டால் சுவீடன் இரும்புக்கு நிகராய் இங்கிலாந்துச் சந்தையில் நிற்கும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று. அவ்வெண்ணத்துக்காகவே நிலையான உத்தியோகத்தைத் துறந்தார். சர் தாமஸ் மன்றோ சென்னை ஆளுநராயிருந்த காலத்தில், 1825-ஐ ஒட்டி, சென்னை மாகாணத்தில் ஐரோப்பிய முறையில் இரும்பு செய்வதற்குரிய தனியுரிமையை வேண்டிப் பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று அத்தொழிலின் நுட்பங்களைக் கற்றுத் திரும்பினார்.

தனியுரிமை என்பது இருமுனைக் கருவி. முதலிடுவோர்க்கு அது துணிவு தரும். பிறர் முயற்சிக்கு அது வேலியாகும். கம்பெனியாட்சியில் தோன்றிய தொழில்கள் பலவற்றுக்கும் இக்குறை உண்டு. ஹீத் துரையின் பெருமையைக் கூறும் நாம் இதனையும் உடன்கூறுதல் நேர்மையாகும்.

பரங்கிப்பேட்டை உலைகள்

1830-இல் வெள்ளாற்றின் கழிமுகத்தை அடுத்த பரங்கிப்பேட்டையில் இரும்பாலை எழுந்தது. போர்த்துகேசியர் புதுத்துறை என்று பொருள்படப் பெயரிட்டு வழங்கிய ஊர் அது. 1781-இல் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயர்க்கும் பெரும்போர் நிகழ்ந்ததும் அங்கேயே. கடல் அருகே இருந்தமையால் ஆக்கிய இரும்பைக் கப்பலேற்றுதல் எளிதாயிற்று. ஆனால் தாது கிடக்கும் சேலமோ தொலைவில் உள்ளது. அந்நாளில் இருப்புப்பாதை இல்லை. எனவே தாதைக் காவிரியில் பரிசல்களில் ஏற்றி, கொள்ளிடத்தின் வழியாகவும் வாய்க்கால்களின் வழியாகவும் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுவந்தனர். ஆற்றில் வெள்ளம் வந்தால்தான் ஆலைக்கு உணவு. வெள்ளம் வற்றினால் ஆலைக்குப் பசி. இரும்பாலை ஒன்று பருவமழையை நம்பி வாழ்ந்த கதை இது.

சென்னை அரசினர் முன்பணம் கொடுத்து உதவினர். 1833-இல் ஆலை ஒரு கூட்டு நிறுவனத்தின் கைக்கு மாறிற்று. மலையாளக் கரையில் பேப்பூரிலும் உலை அமைந்தது. ஆக்கிய வார்ப்பிரும்புக் கட்டிகள் இங்கிலாந்துக்குச் சென்றன. மரக்கரியில் உருகியமையால் அவ்விரும்பு கந்தகக் கலப்பின்றித் தூயதாயிருந்தது; ஷெபீல்டு நகரத்து எஃகு வினைஞர் அதனை விரும்பினர். வேல்சு நாட்டில் 1850-இல் முடிந்த பிரிட்டானியா குழாய்ப் பாலத்துக்கும் பரங்கிப்பேட்டை இரும்பு பயன்பட்டதாகத் தொழில் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. காவிரியில் மிதந்து வந்த கஞ்சமலைத் தாது கடல்கடந்து அந்நியர் பாலத்தைத் தாங்கிற்று என்பது நினைக்குந்தோறும் இன்பம் தருவதொன்று.

இரும்பு நன்று, தொழில் நலிந்தது. ஏனெனில் உலையின் வயிறு பெரிது. மரக்கரி இன்றி அது எரியாது. வெளிநாட்டிற்போல் நிலக்கரியும் தாதும் அருகருகே கிடைத்தில. முதலில் அண்டையிலிருந்த காடுகள் வெட்டுண்டன. பின்னர்க் கரி மேன்மேலும் தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று. வெட்டிய காடு மீண்டும் வளர்தற்கு ஆண்டுகள் வேண்டும்; உலையோ ஒருநாளும் காத்திராது. தாதுக்கு ஒரு கூலி, கரிக்கு ஒரு கூலி, கப்பலுக்கு ஒரு கூலி என்று செலவு பெருகவே, சந்தையில் நல்ல பெயர் பெற்ற பொருள் கணக்கேட்டில் நட்டம் காட்டிற்று. ஹீத் துரையின் கைப்பொருள் கரைந்தது.

எருக்கிலையும் மாங்கனீசும்

ஊதுலையிற் பொருளிழந்த ஹீத் துரை அறிவிலே பொருள் பெற்றார். இங்கிலாந்து மீண்ட அவர் இந்திய இரும்பையும் எஃகையும் பற்றி எழுதிய கட்டுரை 1839-இல் ராயல் ஆசியக் கழகத்தின் இதழில் வெளியாயிற்று. சேலத்து வினைஞர் தேனிரும்புத் துண்டை மண்மூசையில் இட்டு, உடன் ஆவாரங்கட்டையின் சிறு துண்டுகளை வைத்து, எருக்கு முதலியவற்றின் பச்சிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையில் வேகவைத்து எஃகாக்கும் முறையை அதில் விளக்கினார். ஐரோப்பியர் நாட்கணக்கிற் செய்யும் வேலையை நம்மவர் மணிக்கணக்கில் முடித்தனர். இலையிலிருந்து எழும் ஆவி மூசைக்குள் அடைபட்டு, கடுவெப்பத்தில் இரும்பினுள் விரைந்து புகுதலே இதற்குக் காரணம் என்று அவர் கருதினார். 1825-இல் சார்லஸ் மாக்கின்டாஷ் என்பார் காப்புரிமை பெற்ற ஆவிமுறையும் இதுவும் ஒரே தத்துவத்தைச் சார்ந்தன என்றும் காட்டினார். எழுத்தறியாத சேலத்து வினைஞரின் கைவழக்கத்தில் வேதியியல் ஒளிந்திருப்பதை ஆங்கிலப் புலவர் அவையில் எடுத்துரைத்தது அவர்க்குரிய பெருஞ்சிறப்பு.

அதே 1839-இல் அவர் மற்றொரு காப்புரிமை பெற்றார். மூசையில் எஃகு உருகும்போது கார்பன் கூடிய மாங்கனீசைச் சிறிதளவு சேர்த்தால், எஃகிலே தங்கிய தீய கலப்புகள் நீங்கி, அது காய்ச்சி இணைப்பதற்கும் அடித்து நீட்டுவதற்கும் இணங்கும் என்பது அவர் கண்ட உண்மை. அதுவரை நல்ல எஃகுக்கு விலையுயர்ந்த சுவீடன் இரும்பே வேண்டியிருந்தது. ஹீத் துரையின் முறையால் மலிந்த உள்நாட்டு இரும்பும் அதற்கு உதவிற்று. ஷெபீல்டு நகரம் முழுதும் அம்முறையைக் கையாண்டது. எஃகின் விலை இறங்கிற்று.

ஆனால் கண்டவர்க்குப் பயன் கிட்டவில்லை. காப்புரிமைப் பத்திரத்தில் மாங்கனீசும் கார்பனும் முன்னரே கூடிய பொருளை இடுக என்று அவர் எழுதியிருந்தார். அன்வின் என்பாரும் பிறரும் மாங்கனீசு உயிரகையையும் கரிப்பொருளையும் தனித்தனியே மூசையில் இட்டனர். வெப்பத்தில் அவ்விரண்டும் மூசைக்குள்ளேயே கூடி அதே வேலையைச் செய்தன. செலவும் மிகக் குறைந்தது. இது தம் உரிமையை மீறியதென ஹீத் துரை வழக்கிட்டார். வழக்கு மன்றம் மன்றமாய் ஏறியிறங்கிற்று, நீதிபதிகள் கருத்து வேறுபட்டனர், ஆண்டுகள் உருண்டன. வழக்கு முடியுமுன்னரே 1851-இல் ஹீத் துரை காலமானார். 1855-இல் பிரபுக்கள் சபையார் அவர் பக்கத்துக்கு எதிராகவே இறுதித் தீர்ப்பளித்தனர். தாம் கண்ட முறையால் ஒரு நகரமே செல்வமடைய, அவர் வழக்காடியே மாய்ந்தார்.

எனினும் உண்மை வழக்கிலே தோற்பினும் உலகிலே தோற்பதில்லை. 1856-இல் ஹென்றி பெசமர் வெளியிட்ட புதிய எஃகு முறை தொடக்கத்தில் உடையும் எஃகையே தந்தபோது, ராபர்ட் முஷெட் என்பார் மாங்கனீசு சேர்த்தே அக்குறையை நீக்கினார். இன்று வார்க்கப்படும் எஃகில் மாங்கனீசு கலவாதது அரிது.

பின்னர் நிகழ்ந்தவை

ஹீத் துரை மறைந்தபின், 1853-இல் கிழக்கிந்திய இரும்பு நிறுவனம் என்னும் புதிய கூட்டத்தார் அவ்வாலைகளை ஏற்றனர். திருவண்ணாமலைப் பக்கத்திலும், தாதுக்கு அருகே காவிரிக் கரையிலுள்ள பூலாம்பட்டியிலும் உலைகள் நிறுவினர். கரிப்பஞ்சம் அவர்களையும் விட்டிலது. 1860களில் உலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் அணைந்தன. இங்கிலாந்திலிருந்து மலிந்த இரும்பு கப்பல் கப்பலாய் வந்திறங்கவே, சேலத்துச் சிற்றுலைகளும் அந்நூற்றாண்டின் முடிவுக்குள் பெரும்பாலும் குளிர்ந்தன. கஞ்சமலை அடியில் 20-ஆம் நூற்றாண்டில் எழுந்த சேலம் உருக்காலை 1981-இல் உற்பத்தி தொடங்கியபோதும், அம்மலைத் தாதை உருக்குதற்கன்றித் துருவேறா எஃகைத் தகடாக்குதற்கே அமைந்தது.

வார்ப்பிரும்பு தெருவுக்கு வந்ததும் இக்காலத்தை அடுத்தே. 1858-இல் தேம்சு ஆற்றின் நாற்றம் பார்லிமெண்டாரையே வாட்டியபின், ஜோசப் பாசல்கெட் என்னும் பொறியாளர் இலண்டனில் பெரிய பாதாளச் சாக்கடைகளை அமைத்தார். நிலத்தடியே சாக்கடை ஓடவே, இறங்குதற்குக் குழியும், குழிக்கு மூடியும் வேண்டியனவாயின. பிற நகரங்களும் அவ்வழியைப் பின்பற்றின. சென்னையில் கீழ்ப்பாக்கத்துக் குடிநீர் நிலையம் 1914-இல் திறக்கப்பட்டது. குழாயும் திறவுவாயும் மூடியுமாக வார்ப்பிரும்பு நம் நகரங்களின் நிலத்தடியை நிரப்பிற்று.

கொங்கு நாட்டிலோ வார்ப்படத் தொழில் வேறு வழியாய்ப் புத்துயிர் பெற்றது. 20-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூரிலே பஞ்சாலைகளுக்குரிய உறுப்புகளையும், பருத்திக் காட்டுக் கிணறுகளுக்குரிய பம்புகளையும் வார்க்கும் வார்ப்படச்சாலைகள் பெருகின. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது அதற்கு உறுதுணையாயிற்று. பருத்தியினின்றும் ஹீத் துரை இரும்புக்குச் சென்ற வழியிலேயே கொங்கு நாட்டாரும் சென்றனர் எனலாம். ஆனால் அவர் தோற்ற இடத்தில் இவர்கள் வென்றனர். இவர்கள் உலைக்குக் காட்டை நம்பவில்லை; நெடுந்தொலை தாதையும் நம்பவில்லை; வெளியிலிருந்து வந்த கட்டியிரும்பையும் பழைய இரும்பையும் உருக்கி, அருகிலிருந்தோர் தேவைக்கு வார்த்தனர். மேல்வங்காளத்தில் ஹௌராவின் வார்ப்படச்சாலைகள் நியூயார்க்கு நகரத் தெருக்களுக்கும் மூடி வார்த்து அனுப்பின.

நாம் கற்கத்தக்கது

ஹீத் துரையின் வாழ்க்கை வெற்றியா தோல்வியா என்று வினவுவோர்க்கு ஒரு சொல்லில் விடை கூறவியலாது. அவர் ஆக்கிய பொருள் சிறந்தது. அவர் கண்ட உண்மை நிலைத்தது. அவர் நடத்திய தொழில் அழிந்தது. அழித்தது போட்டியாளர் மட்டும் அன்று. உலைக்கு வெளியே நிற்கும் காட்டை அவருடைய கணக்கு உட்கொள்ளாமையே தலையாய காரணம். ஒரு தொழில் எதனை உண்கிறது, எதனைக் கழிக்கிறது என்னும் இரண்டையும் எண்ணாதவரை அதன் இலாபக் கணக்கு முற்றுப்பெற்றதாகாது.

இவ்வுண்மை நம் வாயிலுக்கே வந்து நின்றது. பனியன் தொழில் செழித்த நாட்களில் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலிற் கலந்தது. பாசனத்துக்கென 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. அணைக்குக் கீழுள்ள உழவரின் நிலம் உவர்ந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் கழிவை முற்றும் சுத்திகரியாத சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபோது, தொழிலாளர் பல்லாயிரவர் வேலையின்றி நின்றனர். பின்னர் நீரை மீட்டுப் பயன்படுத்தும் சுத்திகரிப்பு நிலையங்களோடு தொழில் மீண்டும் எழுந்தது. பரங்கிப்பேட்டையில் காடு தீர்ந்தவுடன் உலை அணைந்தது. திருப்பூரில் ஆறு கெட்டவுடன் தொட்டி நின்றது. பரங்கிப்பேட்டை திருந்துதற்குக் காலம் பெறவில்லை, நாம் பெற்றோம்.

தெருமூடியும் இதனையே நமக்கு நினைவூட்டுகின்றது. நகரம் கழித்ததை அது மறைக்கிறதே அன்றி, அழிப்பதில்லை. அதனைத் திறந்து உள்ளே இறங்கி உயிரிழந்த ஏழைத் தொழிலாளர் பலர். பாதுகாப்பின்றி மனிதரை அக்குழியில் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியபின்னும் அத்துயரம் அற்றுவிடவில்லை. மூடிக்கு மேலே நடப்போர் மூடிக்குக் கீழே உள்ளதற்கும் பொறுப்புடையர்.

நம் கல்லூரியில் பௌதிகமும் இரசாயனமும் பயிலும் இளைஞர் பலர் நாளை ஆலைகளையும் பட்டறைகளையும் நடத்துவோராவர். அவர்கள் ஹீத் துரையிடமிருந்து இரண்டு குணங்களைக் கொள்க: சேலத்து எளிய வினைஞரிடத்தும் கற்க நாணாத பணிவு ஒன்று, நிலையான ஊதியத்தை விட்டுப் புதியதொன்றை நாடும் துணிவு மற்றொன்று. அவர் எண்ணத் தவறிய காட்டின் கணக்கையும் ஆற்றின் கணக்கையும் தம் ஏட்டின் முதற்பக்கத்திலேயே எழுதிக்கொள்க. அவ்வாறு நடத்தும் தொழில், நல்ல வார்ப்பிரும்பு போலப் பாரம் தாங்கி நெடுங்காலம் நிற்கும்.